குரல் பதிவில் கம்ப்ரெஸர்: அட்டாக்கைக் கவனியுங்கள்

குரலின் உரத்த இடங்களை அமுக்கிச் சமன்செய்வது கம்ப்ரெஸர். அதைப் போடும்போது பலரும் ரேஷியோவைத்தான், அதாவது எவ்வளவு அமுக்குவது என்ற விகிதத்தைத்தான், திருகுகிறார்கள். ஆனால் குரலின் உயிர் இருப்பது அட்டாக்கில், அதாவது ஒலி உரத்ததும் கம்ப்ரெஸர் அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில். ரேஷியோ 3:1 என்றால், த்ரெஷோல்டை (அமுக்கத் தொடங்கும் ஒலி அளவை) 9 டெசிபல் தாண்டிய ஒலி 3 டெசிபல் மட்டுமே தாண்டி வெளிவரும், அவ்வளவுதான். அட்டாக்கை 1 மில்லிசெகண்டுக்குக் கீழே வைத்தால் க, ட, ப போன்ற வல்லினங்களின் முனை மழுங்கி, பாடுபவர் திரைக்குப் பின்னால் நிற்பதுபோல் கேட்கும். 10 முதல் 20 வரை வைத்துப் பாருங்கள், சொல் தெறித்து வரும். ரிலீஸ் (அமுக்கியதை விடுவிக்கும் நேரம்) மிகக் குறைந்தால் வரிகளுக்கிடையே மூச்சுச் சத்தம் பொங்கி எழும்.

இன்னொன்று: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலைக் கம்ப்ரெஸருக்கு முன்பே ஈக்யூவில் (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவியில்) வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால், மைக் ஸ்டாண்டில் கால் பட்ட அதிர்வுக்கெல்லாம் கம்ப்ரெஸர் குரலை அமுக்கும்.

ரிவெர்ப் (குரலுக்கு எதிரொலி சேர்ப்பது) கடைசியில். ப்ரீ-டிலே (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) 20 முதல் 40 மில்லிசெகண்ட் கொடுத்தால் எதிரொலி சொல்லின் மேல் ஏறாது.