ஒரு சன்போர்டில் பத்துப் பேர்: வியாசர்பாடிப் படிப்பகத்தில் பரிசாளர் கண்காட்சி வைத்த அனுபவம்

பரிசு பெற்றவர்களைப் பற்றிப் பலகை எழுதச் சொன்னால், எழுத உட்காரும் யாரும் பிறந்த தேதியில்தான் தொடங்குவார்கள். அப்பா பெயர், அம்மா பெயர், படித்த பள்ளி, வாங்கிய பட்டங்கள் என்று போய் கடைசி வரியில் "நோபல் பரிசு பெற்றார்" என்று முடியும். எதற்காகப் பெற்றார் என்பது மட்டும் இருக்காது. ஏழாம் வகுப்புப் பிள்ளை நின்று படித்துவிட்டு முதலில் கேட்பது அதைத்தான். அதனால் வியாசர்பாடிப் படிப்பகத்துக்குப் பலகை செய்தபோது வரிசையைத் திருப்பிப் போட்டோம். மேலே பெயர், அதன் கீழே பரிசுக் குழு சொன்ன காரணம் ஒரே வாக்கியத்தில், பிறகு அந்த வேலை என்ன என்ற விளக்கம். பிறப்பும் படிப்பும் கடைசி நான்கு வரிக்குள்.

பத்துப் பேர் என்று முடிவானதற்குக் காரணம் சன்போர்டு. சன்போர்டு என்பது பலகை செய்யும் லேசான நுரை அட்டை. அதன் எட்டுக்கு நாலடி ஷீட் ஒன்றில் ஏ2 அளவுப் பலகை (42 செ.மீ. × 59.4 செ.மீ.) சரியாகப் பத்து வெட்டலாம். 59.4 செ.மீ. பக்கம் ஷீட்டின் நாலடி அகலத்தில் வர வேண்டும். அப்படி இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. திருப்பி வைத்தால் எட்டுதான் கிடைக்கும். இதை வெட்டுபவரிடம் முன்னாலேயே வரைந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் அவர் தன் வழக்கப்படி வெட்டிவிடுவார். ஓரத்தில் சுமார் 34 செ.மீ. அகலத்துக்கு மிஞ்சும் துண்டைத் தூக்கிப் போட வேண்டாம். கண்காட்சித் தலைப்பு, அம்புக்குறி, பெயர் அட்டை எல்லாம் அதில் வந்துவிடும். பதினொன்றாவதாக ஒருவரைச் சேர்த்தால் இன்னொரு ஷீட் வாங்க வேண்டும்.

பத்தில் ஆறு பேர் அறிவியல், கணிதம்: சி.வி. ராமன், சந்திரசேகர், ஹர் கோவிந்த் கொரானா, வெங்கி ராமகிருஷ்ணன், மேரி கியூரி, ராமானுஜன். நான்கு பேர் எழுத்து: தாகூர், அகிலன், ஜெயகாந்தன், ராஜம் கிருஷ்ணன். ராமானுஜன் நோபல் வாங்கவில்லை, கணிதத்துக்கு நோபலே கிடையாது. ஆனால் வடசென்னையில் அவரை விட்டுவிட்டுக் கண்காட்சி வைப்பது சரியில்லை. 1912-ல் அவர் எழுத்தராக வேலை பார்த்த துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் அவருக்காக உருவாக்கிய அருங்காட்சியகம் ராயபுரத்தில் இருக்கிறது. அவர் பலகையில் பரிசுக் காரணம் வர வேண்டிய இடத்தில் "1918, லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ" என்று போட்டோம்.

அதிக நேரம் எடுப்பது தகவல் சரிபார்ப்புதான். எங்கள் விதி எளிது: ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு பெயரும் பரிசு கொடுத்த அமைப்பின் பட்டியலிலேயே பார்க்கப்பட வேண்டும். நோபல் அமைப்பின் இணையதளத்தில் பரிசுக் காரணம், பங்கு எவ்வளவு, யாரோடு பகிர்ந்தார் என்பதெல்லாம் உண்டு. சாகித்திய அகாதெமியும் மொழிவாரியாகப் பட்டியல் வைத்திருக்கிறது. நூலின் முதல் பதிப்பு ஆண்டு வேண்டுமானால் எழும்பூர் கன்னிமாரா, பழைய இதழ்கள் வேண்டுமானால் தரமணி ரோஜா முத்தையா நூலகம். பொது அறிவு வினாவிடைப் புத்தகங்களில் இருந்து எதையும் எடுக்கக் கூடாது. ஒன்றைப் பார்த்து ஒன்று அச்சிட்டவை அவை. ஒரே தப்பு பத்துப் புத்தகத்தில் இருந்தால் சரி என்றே தோன்றும்.

மூல ஆவணம் கையில் இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1913 ஜனவரியில் ராமானுஜன் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் தனக்கு ஏறத்தாழ 23 வயது என்கிறார். அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22. அப்படியென்றால் கடிதம் எழுதியபோது வயது 25. கடிதத்தில் இருப்பதை அப்படியே எடுத்துப் பலகையில் போட்டால், மேலே பிறந்த ஆண்டும் கீழே வயதும் இடிக்கும். கொரானா விஷயம் வேறு மாதிரி. ஆவணப்படி 1922 ஜனவரி 9. ஆனால் அவர் பிறந்த சரியான தேதி உறுதியாகத் தெரியாது. அங்கே வெறும் "1922" என்று எழுதுவதே நேர்மை.

பரிசு ஆண்டும் வேலை நடந்த ஆண்டும் ஒன்றாக இருக்காது. சாகித்திய அகாதெமி விருது குறிப்பிட்ட ஐந்தாண்டுக் காலத்தில் முதல் பதிப்பு கண்ட நூலுக்குத் தரப்படுவது. விருது ஆண்டை நூலின் ஆண்டாக எழுதிவிட்டால் தப்பு. ஞானபீடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 1982 வரை அது ஒரு தனி நூலுக்குத் தரப்பட்டது, அதன் பிறகு மொத்தப் பங்களிப்புக்கு. ஆகவே 1975-க்கான விருதைப் பெற்ற அகிலன் பலகையில் 'சித்திரப்பாவை' என்று நூல் பெயர் வர வேண்டும். 2002-க்கான விருதைப் பெற்ற ஜெயகாந்தன் பலகையில் ஞானபீடத்துக்குக் கீழே எந்த நாவலையும் எழுதக் கூடாது. அவருடைய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972-ன் சாகித்திய அகாதெமி விருதுக்கு உரியது. இரண்டையும் சேர்த்து எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

மேரி கியூரியிடம் எல்லோரும் தடுக்கி விழும் இடம் 1903. ரேடியத்துக்காக அந்த ஆண்டு பரிசு என்று எழுதுவார்கள். 1903 இயற்பியல் பரிசு கதிரியக்க நிகழ்வுகளைப் பற்றிய ஆய்வுக்கு. பாதி பெக்கரலுக்கு, மறுபாதி கியூரி தம்பதிக்கு. ரேடியம், பொலோனியம் கண்டுபிடிப்பு 1911 வேதியியல் பரிசில் வருகிறது, அது முழுவதும் அவருக்கே. தாகூரிடம் தடுக்குவது 1919. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு அவர் துறந்தது 1915-ல் ஆங்கில அரசு தந்த சர் பட்டம். 1913 நோபலைத் திருப்பித் தந்தார் என்று யாராவது எழுதிக் கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

ராமன் பலகைக்குத்தான் நாங்கள் அதிகம் மெனக்கெட்டோம், மெனக்கெடத் தகுந்த விஷயமும் அது. காசிமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் தினமும் கடல் பார்ப்பவர்கள். "கடல் ஏன் நீலம் என்று கண்டுபிடித்து நோபல் வாங்கினார்" என்று எழுதினால் அவர்களுக்குச் சட்டென்று பிடிக்கும், ஆனால் அது உண்மையில்லை. 1921 கப்பல் பயணத்தில் கடல் நீலத்தைப் பற்றி அவர் யோசித்ததும், வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே காரணம் என்ற கருத்தை மறுத்து, தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டியதும் நடந்தவைதான். சிதறலோடு, தண்ணீர் சிவப்பொளியை உறிஞ்சுவதும் கடல் நீலத்துக்குப் பெரிய காரணம். ஆனால் 1930 பரிசுக்குரிய கண்டுபிடிப்பு 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் நடந்தது. ஒரு நிற ஒளியை ஒரு திரவத்துக்குள் அனுப்பினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறிய பகுதி வேறு நிறமாக மாறி வருகிறது. மூலக்கூறின் அதிர்வு ஒளியிடமிருந்து கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொள்கிறது, அல்லது கொடுக்கிறது. எவ்வளவு அதிர்வு என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடுவதால், நிறம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் உள்ளே இருப்பது என்ன பொருள் என்று சொல்லிவிடலாம். இன்று ஆய்வகங்களில் மருந்துப் பொடியைக்கூட இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

பலகைக்குப் பக்கத்தில் ஒரு சோதனை வைக்கலாம். கண்ணாடித் தொட்டியில் ஒரு லிட்டர் தண்ணீர், அதில் சொட்டுச் சொட்டாகப் பால். ஏழெட்டுச் சொட்டு விட்டுக் கலக்கி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்தால் பக்கவாட்டில் பார்ப்பவருக்கு இளநீலமும், எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பவருக்கு மஞ்சள் கலந்த செம்மையும் தெரியும். தெரியவில்லையென்றால் இன்னும் சில சொட்டு. கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் எல்லாம் வெள்ளையாகிவிடும், ஒளி பல முறை சிதறுவதால் நிறம் பிரியாது. அறை இருட்டாக வேண்டும், தொட்டி நீளமாக இருந்தால் நல்லது. இதற்கு "ராமன் விளைவு" என்று அட்டை வைப்பதுதான் பள்ளிக் கண்காட்சிகளில் நடக்கும் பெரிய பிழை. பாலில் நடப்பது நிறம் மாறாத சிதறல். நீலம் அதிகம் சிதறுகிறது, அவ்வளவே. ராமன் விளைவில் நிறமே மாறுகிறது, அதுவும் தோராயமாக ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்றுக்கு. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. அட்டையில் "இது ஒளிச்சிதறல். ராமன் தேடியது இதைவிடப் பல மடங்கு மங்கலான ஒன்றை" என்று எழுதினோம். சூரிய ஒளியும் இரண்டு நிற வடிகட்டிகளும் வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள் என்ற வரியும் அங்கே வந்தது. கூட நின்று உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் பெயர் அதே பலகையில் கட்டாயம் இருக்க வேண்டும். 1928-ல் 'நேச்சர்' இதழில் வந்த முதல் குறிப்பில் இருவர் பெயரும் இருக்கிறது. 1958-ல் அறிவியலுக்கான பட்னாகர் பரிசை முதன்முதலில் பெற்றவரும் கிருஷ்ணனே.

சந்திரசேகர் லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், ராமனின் அண்ணன் மகன். 1983 இயற்பியல் நோபல் பரிசில் பாதி அவருக்கு, பாதி ஃபௌலருக்கு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மீதி எளிது.

கொரானாவையும் வெங்கியையும் அடுத்தடுத்து மாட்ட வேண்டும். மரபுக் குறியீட்டில் எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்று கண்டறிந்ததற்குக் கொரானாவுக்கு 1968 பரிசு, நைரன்பெர்க், ஹாலி ஆகியோரோடு. செல்லுக்குள் அந்தச் செய்தியை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்கு வெங்கிக்கு 2009 பரிசு, ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு. முதல் பலகையைப் படித்த பிள்ளை இரண்டாவதைத் தானாகப் புரிந்துகொள்ளும். பல ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமை முடக்கித்தான் வேலை செய்கின்றன என்ற ஒரு வரி சேர்த்தால் பெற்றோரும் நின்று படிப்பார்கள். வெங்கி சிதம்பரத்தில் பிறந்தவர், ஆனால் மூன்று வயதிலேயே குடும்பம் பரோடாவுக்குப் போய்விட்டது. இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு மறுபடியும் மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தவர். எங்கள் கருத்தில் இதுதான் அந்தப் பலகையின் மிக முக்கியமான வரி. பத்தாவது முடித்து எந்தப் பிரிவு எடுப்பது என்று தவிக்கும் பிள்ளைகள் நிறைந்த தெருக்கள் இவை.

எழுத்தாளர் பலகைகளில் வாழ்க்கைக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தரலாம், அவர்கள் எழுத்து அங்கிருந்து வருவதால். அகிலன் ரயில்வே அஞ்சலில் வேலை பார்த்தவர். ஜெயகாந்தன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர், கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தவர். 1973-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ராஜம் கிருஷ்ணன், உப்பளத் தொழிலாளர்களையும் மீனவர்களையும் நேரில் போய்ப் பார்த்துப் பேசி நாவல் எழுதியவர். இந்தப் பலகைகளுக்குக் கீழே ஒரு பெஞ்சு போட்டு அவர்களுடைய நூல்களைக் கைக்கு எட்டும்படி வையுங்கள். பலகை மட்டும் இருந்தால் பெயர்தான் மனதில் நிற்கும்.

ஒரு பலகைக்கு 120 சொல், அதிகம் போனால் 150. உடல் எழுத்து 28 பாயின்ட், பரிசுக் காரணம் 40, பெயர் 80. இதற்குக் கீழே போனால் ஒன்றரை மீட்டரில் நிற்பவருக்குத் தெரியாது. படம் 15 செ.மீ. அகலத்தில் வருவதானால் குறைந்தது 900 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டப்படி புகைப்பட உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பழைய படங்களில் தொந்தரவு குறைவு, அண்மைக்காலப் படங்களுக்கு அனுமதி கேளுங்கள்.

அச்சகத்தில் காத்திருக்கும் ஆபத்து எழுத்துரு. யூனிகோடில் தட்டச்சு செய்ததைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் காலும் பிரிந்து, 'கொ' மூன்று துண்டாக நிற்கும். கொரானா பெயர் முதலில் அடிபடுவது இங்கேதான். தப்பித்தால், டி.டி.பி. செய்பவர் பழக்கத்தில் அதைக் 'கொரோனா' ஆக்கிவிடுவார். எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கொடுத்து, அதிலிருந்து நேராக அச்சிடச் சொல்லுங்கள். அச்சுக்கு முன் ஏ4-ல் ஒரு ப்ரூஃப் எடுத்து, எழுதாத ஒருவரிடம் உரக்கப் படிக்கக் கொடுங்கள். எண்களை மட்டும் தனியாக இன்னொரு முறை.

ஃப்ளெக்ஸ் வேண்டாம், ட்யூப்லைட் அடித்துப் பளபளக்கும். வினைல் அச்சு, மேட் லேமினேஷன், 5 மி.மீ. சன்போர்டு. படிப்பகத்துக்கு மீன்பாடி வண்டியில் கொண்டுவருவதானால் படுக்கை வசமாக, இடையில் பட்டர் பேப்பர் வைத்து, வெயில் படாமல் மூடி. உச்சி வெயிலில் சாய்த்து வைத்தால் பலகை வளையும், வளைந்தது நிமிராது. சுவரில் இரட்டைப் பக்க டேப் ஒட்டினால் கடல் காற்றின் ஈரத்தில் இரண்டு நாளில் விழும், விழும்போது டிஸ்டெம்பரையும் உரித்துக்கொண்டு வரும். மேல் விளிம்பில் ஓரத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி இரண்டு ஓட்டை போட்டு நைலான் கயிற்றில் தொங்கவிடுங்கள். பலகையின் நடு தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பெரியவர்கள் கொஞ்சம் குனிந்து படிப்பார்கள்.

நாளும் பார்க்க வேண்டும். ராமானுஜன் பிறந்த நாள் டிசம்பரில், மழைக்காலத்தின் கடைசியில் வருகிறது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வர முடியாது. பிப்ரவரி 28 அறிவியல் நாள், ஆனால் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு அது பரீட்சை நெருங்கும் நேரம். பொங்கல் முடிந்து ஜனவரி கடைசி வாரம் எல்லோருக்கும் ஒத்துவருகிறது.

முடிந்ததும் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல் பீரோ மேல் படுக்க வையுங்கள். அச்சிடும்போதே அதே வினைலில் வெற்றுப் பட்டை ஒன்று கேட்டு வாங்கிவைத்தால், பிறகு ஏதாவது ஆண்டைத் திருத்த வேண்டியிருந்தால் அதில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். பக்கத்துப் பள்ளிகள் இரவல் கேட்டால், பால் சோதனைக்கான அட்டையையும் சேர்த்துக் கொடுங்கள்.