பிளக்கைக் கழற்ற அவசரப்படாதீர்கள்: பொருந்தும் அச்சு செய்த அனுபவம்

மேல் மூடி, கீழ்த் தொட்டி என இரண்டு பாகங்கள் கொண்ட ஃபைபர் கிளாஸ் பெட்டி ஒன்று செய்ய வேண்டியிருந்தது. முதலில் பாகத்தின் வடிவில் ஒரு மாதிரி உரு (இதுதான் பிளக்), அதன்மேல் அச்சு, அந்த அச்சில் பாகம் என்பது வேலை முறை. நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். நடுவில் ரப்பர் சீல் வருவதால் இரண்டு விளிம்பும் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். தனிப் பொருளாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. ஜோடி என்றால் அந்த ஒரு மில்லிமீட்டரிலேயே தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

கண்ணாடி இழையைப் பிணைக்கும் பிசினான ரெசினில், சாதாரண பாலியெஸ்டர் வகை இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும். எபாக்ஸி வகை அதைவிட மிகக் குறைவு. ஆனால் சதவீதத்தைவிட முக்கியம், சுருக்கம் எப்போது நடக்கிறது என்பது. ரெசின் திரவமாக இருக்கும்வரை சுருங்கினாலும் நகர்ந்து சரிசெய்துகொள்ளும். ஜெல் ஆன பிறகு, அதாவது ஓடாத கூழாகக் கெட்டிப்பட்ட பிறகு, வரும் சுருக்கம்தான் அழுத்தமாக உள்ளே தங்கி, அச்சை வளைக்கிறது. அதனால் மெதுவாக இறுகச் செய்யும் ஹார்டனரோடு (இறுக வைக்கும் கலவை) எபாக்ஸியைத் தேர்ந்தெடுத்தேன்.

பிளக்கை எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையில் செய்தேன். ஈரம் பட்டால் ஊதும் பலகை அது. எனவே அடிப்பக்கம் உட்பட எல்லா முகத்தையும் சீல் செய்தேன். மேலே பூசிய பிரைமர் முழுதாக இறுகும்வரை காத்திருந்தேன். பிரைமரில் கரைப்பான் மிச்சமிருந்தால் அதுவும் பின்னால் சுருங்கும். பலகை ஒட்டின கோடு அச்சின் முகத்தில் அப்படியே தெரியும். பிறகு 400-இல் தொடங்கி 1500 வரை தண்ணீர்த்தாள் தேய்ப்பு, அடுத்தடுத்து வாக்ஸ். பக்கச் சுவர்களுக்கு 3 டிகிரி சரிவு கொடுத்திருந்தேன்.

எனக்கு மிகவும் கைகொடுத்த வேலை, பிளக்கின் விளிம்பில் கூர்மையான ஊசியால் மெல்லிய குறிக்கோடுகள் கீறியது. அந்தக் கோடுகள் அச்சிலும் பதியும், அச்சிலிருந்து பாகத்திலும் பதியும். மூன்றிலும் அதே இரண்டு கோடுகளுக்கு இடையே அளந்தால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு சுருங்கியது என்று நேராகத் தெரிந்துவிடும். நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது, மூலைவிட்டம் இரண்டையும் அளக்க வேண்டும். அளக்கும் நேரத்தில் மூன்றும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும்.

அடுத்த தலைவலி மூலைகள். கண்ணாடி இழை தன் நீளவாக்கில் ரெசினைச் சுருங்க விடாது. தடிமன் திசையில் தடுக்க ஆள் இல்லை. இந்த வேறுபாட்டால் 90 டிகிரி மூலை ஒன்றிரண்டு டிகிரி உள்ளே மூடிக்கொள்ளும். கணக்குப் போட்டு ஊகிப்பதைவிட, பாகத்துக்கு வைக்கப்போகும் அதே அடுக்கில் ஒரு சின்ன 'எல்' துண்டு போட்டுப் பார்ப்பதையே நான் நம்புகிறேன். அது எவ்வளவு மூடியதோ அவ்வளவு கோணத்தைப் பிளக்கிலேயே விரித்து வைத்தேன்.

அச்சின் முகமாக முதலில் பூசும் ரெசின் பூச்சான ஜெல்கோட் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர். மூலையில் குளம்போல் தேங்க விடக்கூடாது. தடித்த இடம் சூடாகி அதிகம் சுருங்கும், பின்னாளில் அங்கேதான் விரிசல் வரும். உள்மூலைகளை நறுக்கிய இழை கலந்த எபாக்ஸிப் பசையால் நிரவிவிட்டு, முதலில் மெல்லிய துணி, அது இறுகிய பிறகு கனமான துணி என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒவ்வொரு தவணையின் முடிவிலும் பீல் பிளை (இறுகிய பின் உரித்தெடுக்கும் துணி) போட்டதால் அடுத்த அடுக்குக்குப் பிடிப்பு கிடைத்தது. அடுக்குகள் நடுவிலிருந்து இருபுறமும் ஒரே மாதிரி அமைய வேண்டும். ஒருபக்கம் மட்டும் ஒரு திசை இழை கூடினால் அச்சு முறுக்கிக்கொள்ளும்.

பாலியெஸ்டரில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுருங்காத வகை என்று அச்சுக்கென்றே விற்கும் ரெசினுக்கு இந்த 'கொஞ்சம் கொஞ்சமாக' முறை ஆகாது. மேல்தோல் அடுக்கு இறுகிய பிறகு, பல அடுக்குகளை ஒரே மூச்சில் போட்டால்தான் போதிய சூடு எழும்பும். அந்தச் சூட்டில்தான் அதில் கலந்துள்ள பொருள் வேலை செய்து சுருக்கத்தை ஈடுகட்டும். சரியாக நடந்தால் நிறம் வெளிறும். மெல்லிசாகப் போட்டால் சாதாரண ரெசினைப் போலவே சுருங்கிவிடும்.

இறுகிய பிறகும் அச்சைப் பிளக்கிலிருந்து எடுக்கவில்லை. பிளக்கோடு சேர்த்தே மிதமான சூட்டில் வைத்து, பிறகு பின்பக்கச் சட்டத்தை ஒட்டினேன். சட்டம் அச்சில் நேரடியாக முட்டாமல் நடுவே ஃபோம் பட்டை வைத்தேன். இல்லாவிட்டால் அதன் தடம் முகத்தில் எழும்பும். சட்டத்துக்கு அலுமினியத்தைத் தவிர்த்தேன். 60 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் அலுமினியம் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி இழை அவ்வளவு நீளாது. சூளையில் இரண்டும் இழுபறி போடும். அதனால் சட்டத்தையும் கண்ணாடி இழையிலேயே செய்தேன்.

அதற்குப் பிறகுதான் பிளக்கைக் கழற்றி, அச்சை மட்டும் மணிக்கு 10 டிகிரி வீதம் ஏற்றி முழுச் சூட்டுக்குக் கொண்டுபோனேன். இறக்குவதும் அதே நிதானத்தில். பாகம் போடும் சூடு இந்த உச்சத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அச்சு மறுபடி சுருங்கத் தொடங்கும்.

முதல் ஜோடி வந்ததும் சீல் இல்லாமல் மூடி, விளிம்பு நெடுக மெல்லிய தாளை நுழைத்துப் பார்த்தேன். நீள்பக்கங்களில் எங்கும் போகவில்லை. ஒரு மூலையில் மட்டும் லேசாக நுழைந்தது. சீல் தாராளமாக அடைக்கும் அளவுதான். குறிக்கோடுகளை மூன்று பொருளிலும் அளந்து எழுதிய அட்டையை அச்சின் பின்புறத்தில் ஒட்டியிருக்கிறேன், அடுத்த பிளக்குக்கு அந்த எண்களே தொடக்கம்.