டைனமோவில் கேட்ட ஸ்மோக்கி றொபின்சன்

1999 மாசியில் கனடாவின் வின்சருக்கு வந்தேன். ரொறன்ரோ என்றால் சொந்தக்காரர், தமிழ்க்கடை, கோயில் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்திருக்கும். வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து சேர்ந்தேன். அறையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஆறு. அக்கரையில் டிற்றொயிற். அமெரிக்கா தெற்கே என்று படித்தவனுக்கு, இங்கிருந்து பார்த்தால் அது வடக்கே இருக்கும்.

அந்த ஊரின் பெயர் எனக்குப் புதிதில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றபிறகு பற்றறியும் கிடைக்காத காலம். கப்பலில் வேலை செய்த மாமா கொண்டுவந்த கசற் ஒன்று வீட்டில் கிடந்தது. உறையில் பேனையால் 'டிற்றொயிற்' என்று எழுதியிருந்தார், அவ்வளவுதான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை றேடியோவில் கொழுவி, கொக்குவில் கூட்டாளி பெடலைக் கையால் சுத்துவான். நான் கேட்பேன். பிறகு நான் சுத்த அவன் கேட்பான். கை களைத்தால் பாட்டும் களைக்கும். அந்தக் கசற்றில் பாடிய டிற்றொயிற் பாடகர் ஸ்மோக்கி றொபின்சனை நான் பல வருடம் கட்டைக் குரல்காரன் என்றுதான் நினைத்திருந்தேன்.

வின்சரில் ஒரு பழைய சாமான் கடையில் அவருடைய இசைத்தட்டை வாங்கிப் போட்டபோது ஒரு மெல்லிய, உச்சத்தில் நிற்கும் குரல் வந்தது. மெசின் பழுதாக்கும் என்று தட்டைத் திருப்பிப் போட்டேன். அதே குரல். அன்றைக்கு வந்த ஏமாற்றம் சின்னதில்லை. கசற்றும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. 95 ஐப்பசி இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுவிட்டு வந்தது.

அக்கரைக்குப் போக எனக்கு ஆறு வருடம் பிடித்தது. இலங்கைப் பாஸ்போட்டுக்கு விசா வேண்டும். என் நிலைமையில் யார் தருவான்? கனடாப் பாஸ்போட் கையில் வந்த கிழமையே ஆற்றுக்கு அடியால் போகும் சுரங்கப் பாதையால் போனேன். ஸ்மோக்கியின் பாட்டுகளை வெளியிட்ட மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் இருந்த வீடு மேற்கு கிராண்ட் புலவாட்டில், 2648ஆம் இலக்கம். சாதாரண வீடு. நிறுவனம் 1972இல் லொஸ் ஏஞ்சல்சுக்குப் போய்விட்டது, 1985இலிருந்து வீடு அருங்காட்சியகம். மேல்மாடத்தைத்தான் எதிரொலி அறையாகப் பாவித்திருக்கிறார்கள். கீழே நின்று கை தட்டச் சொன்னார்கள். தட்டினேன். ஊரில் கிணத்துக்குள் தலையை நீட்டிக் கூப்பிட்ட நினைவுதான் வந்தது.

2018 ஓகஸ்ட் 16, பாடகி அரேதா பிராங்ளின் டிற்றொயிற்றிலேயே இறந்தார். இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தவன் செய்தி பார்த்துவிட்டு, கூட்டாளிக்கு வட்ஸ்அப்பில் நாற்பது நிமிடம் பேசி அனுப்பினேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அவன் அதை அப்படியே தட்டச்சுச் செய்து திருப்பி அனுப்பி, "மச்சான், இதை எங்கேயும் போடுவம். தமிழில ஒருத்தரும் எழுதேல்லை" என்றான். மாதம் ஒருக்கா வரும் எங்கள் இணைய இதழ் அப்படித்தான் தொடங்கியது.

முதல் சண்டை, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இந்த 'சோல்' இசையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில். 'ஆன்ம இசை' என்று போட்டால் ஆட்கள் திருவாசகம் தேடி வருவார்கள் என்றான். கடைசியில் 'சோல்' என்றே விட்டோம். ஆனால் கோயில் சங்கதி வேறு வழியால் வந்தது. அரேதா தகப்பன் போதகராக இருந்த தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். கடவுளைப் பார்த்துப் பாடிய மெட்டை அந்த ஆட்கள் காதலுக்குத் திருப்பினார்கள். அப்பரும் ஆண்டாளும் செய்தது மறுவளம். இதை நான் எழுதியதற்கு ஒரு பெரியவர் கோபித்துக் கடிதம் போட்டார். அதையும் பிரசுரித்தோம்.

ஆட்களுக்கு ஆகப் பிடித்தது சீட்டுக் கதை. 1959இல் பெரி கோர்டி மோட்டவுனைத் தொடங்கியது 800 டொலர் கடனில். வங்கிக் கடனில்லை, குடும்பத்தவர் மாறி மாறிக் காசு போட்டுச் சேர்த்த நிதியிலிருந்து, அவர்கள் கூடிப்பேசிக் கொடுத்தது. "எங்கட சீட்டு மாதிரித்தானே" என்று பருத்தித்துறையிலிருந்து ஒரு அக்கா எழுதினா. சீட்டுப் பிடித்தவர் ஓடாமல் இருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

போன மாதம் ஸ்மோக்கி றொபின்சனைக் கூட்டாளிக்கு அனுப்பினேன், சரியான வேகத்தில். கேட்டுவிட்டு, "இவன் ஏன்ரா இப்பிடி அவசரப்படுறான்?" என்றான். அடுத்த இதழுக்கு டைனமோவைப் பற்றி அவன்தான் எழுதுகிறான். இரண்டு பக்கம் வந்திருக்கிறது, பாட்டு இன்னும் தொடங்கவில்லை; வயர் எங்கே வாங்கினோம் என்பதிலேயே நிற்கிறான்.