பீரங்கி இறங்கிய பின் ரேட்லர்

கப்பல் பழுதுபார்க்கும் தளமொன்றின் வரைபடப் பிரிவில், ஒரு வேலைக்கெனக் கட்டிய கப்பலை வேறொரு வேலைக்கு மாற்றித் தரும் பணியில் பல ஆண்டுகள் இருந்தேன். சேர்ந்த புதிதில், சரக்குக் கப்பலொன்றின் மேல்தளத்திலிருந்து இரண்டு கிரேன்களைக் கழற்றியபோது, எடை குறைவது நல்லதுதானே என்று வேறெதையும் மாற்றாமல் விட்டுவிட்டேன். எடையைப் பக்கவாட்டில் நகர்த்தி, கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று தொங்கும் குண்டால் அளக்கும் சாய்வுச் சோதனையில், அந்தத் தூக்குக்குண்டு நான் கணக்கிட்ட தூரத்தில் பாதிகூட நகரவில்லை. "மேலே இருந்த கனம் போனால் கப்பல் விறைத்துக்கொள்ளும், தம்பி. அலையில் மெல்ல அசையாது, வெடுக்கென்று உதறும்" என்றார் மூத்த வரைவாளர்.

அன்றிலிருந்து என் மனத்தை விட்டு அகலாத கப்பல் ரேட்லர். அமெரிக்க விடுதலைப் போர் ஓய்ந்த 1783-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் சாண்ட்கேட்டில் 16 பீரங்கிகளுக்காகக் கட்டப்பட்ட சிறு பாய்மரப் போர்க்கப்பல் அது. பிரிட்டிஷ் கடற்படையின் புகழ்பெற்ற தளபதி நெல்சனின் கீழ் மேற்கிந்தியத் தீவுகளில் பணியாற்றியபின், 1792-இல் திமிங்கல வேட்டைத் தொழில் செய்த எண்டர்பி நிறுவனத்தின் கப்பலாயிற்று.

என் தொழிலில் நின்று பார்க்கும்போது இந்த மாற்றத்தின் கடினம் புரிகிறது. போர்க்கப்பல் பீரங்கிகளின் பெருங்கனத்தைத் தளத்தில் சுமப்பது. உணவும் நீரும் செலவாகச் செலவாக இலேசாவது. திமிங்கலக் கப்பலோ வெற்றுப் பீப்பாய்களோடு புறப்பட்டு, வேட்டை வாய்க்க வாய்க்கக் கனத்துக்கொண்டே போவது. ஆகவே திமிங்கல எண்ணெய் சேரும்வரை பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பிப் பாரம் காட்டினார்கள். கொழுப்பை உருக்கும் செங்கல் அடுப்பு மேல்தளத்திலேயே அமைந்தது. மரப்பலகை தீப்பற்றாதிருக்க அடுப்பின் அடியில் நீர் தேக்கி வைத்தார்கள். மரக்கப்பலின் நடுவில் நெருப்பு மூட்ட வழி செய்த அந்தத் தச்சர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

கடலாய்வாளர் ஜேம்ஸ் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் இளம் மாலுமியாகச் சென்ற ஜேம்ஸ் கோல்நெட், 1793 ஜனவரியில் ரேட்லரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, தென்னமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றிப் பின்னர் பசிபிக்கை அடைந்தார். எண்ணெய்த் திமிங்கலத்தை (ஸ்பெர்ம் திமிங்கலத்தை) தேடி அங்கே செல்லும் கப்பல்கள், ஸ்பானியத் துறைமுகங்களை நம்பாமல் நீரும் விறகும் பெறத்தக்க இடங்களைக் கண்டறிவதே நோக்கம். கலாபகஸ் தீவுகளை அவர் வரைபடமாக்கினார்.

அவர் 1798-இல் வெளியிட்ட நூலில் ஒரு படம் உண்டு. 1793 ஆகஸ்டில், மெக்சிகோ கரையருகே கொன்ற எண்ணெய்த் திமிங்கலமொன்றைத் தளத்தின்மேல் தூக்கி வைத்து, அளவுகோல் குறித்து வரைந்த படம் அது. வரைவாளனாகிய நான் அந்த அளவுகோலைத்தான் முதலில் பார்த்தேன்.