ஜூலை 1-இலிருந்து பின்னோக்கி எண்ணிய காலண்டர்: என் ஜே-1 வேவர் அனுபவம்

2023 நவம்பரில், அமெரிக்காவில் ரெசிடென்சி (டாக்டர்களுக்கான மேற்பயிற்சி) முடிய எட்டே மாதம் இருக்கும்போது, கையெழுத்துப் போட்டு வைத்திருந்த வேலை கைநழுவிப் போனது. காரணம் ஒன்றுதான். என்னை எடுத்த மருத்துவமனை, வேவர் (விசா நிபந்தனையிலிருந்து விலக்கு) விண்ணப்பத்தை மூன்று வாரம் தாமதமாக அனுப்பியது.

இப்போது ரெசிடென்சி இரண்டாம் ஆண்டில் இருக்கும் தம்பி தங்கைகள் சிலர் இதைப் பற்றியே போனில் கேட்கிறார்கள். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு 2021 ஜூலையில் மிச்சிகனில் இன்டர்னல் மெடிசின் சேர்ந்தேன். ஜே-1 விசா, அதாவது பயிற்சிக்காக வருபவர்களுக்கான விசா. பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் போய் இருந்தாக வேண்டும், அதுவரை எச்-1பி என்ற வேலை விசாவும் கிடையாது, கிரீன் கார்டும் கிடையாது என்பது இந்த விசாவின் நிபந்தனை. அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு வாங்குவதைத்தான் வேவர் என்கிறோம். அதற்குப் பெரும்பாலோர் போகும் வழி கான்ராட் 30. வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் முயற்சியில் 1994-இல் வந்தது. டாக்டர் பற்றாக்குறை என்று அரசு அறிவித்த பகுதியில் வாரம் 40 மணி நேரம், மூன்று ஆண்டு, எச்-1பியில் வேலை பார்க்க வேண்டும். ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம். கலிபோர்னியாவுக்கும் 30, வயோமிங்குக்கும் 30. அக்டோபர் 1-ஆம் தேதி புதுக் கணக்கு தொடங்கும்.

இந்த அக்டோபர் 1 எவ்வளவு முக்கியம் என்பது என் முதல் மருத்துவமனைக்குத் தெரியவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

2023 ஏப்ரலில் ஆஃபர் வந்தது. நல்ல இடம், நல்ல சம்பளம். “விசாவை எல்லாம் எங்கள் லாயர் பார்த்துக்கொள்வார்” என்றார்கள். நிம்மதியாக வார்டுக்குத் திரும்பிவிட்டேன். ஆகஸ்டில் நானாகக் கேட்டபோதுதான், இன்னும் லாயரே வைக்கவில்லை என்று தெரிந்தது. வேலை ஜூலையில்தானே, வசந்த காலத்தில் தொடங்கினால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். அவசரமாக ஒருவரை அமர்த்தினார்கள். அவர் கான்ட்ராக்டைப் படித்ததும் நிறுத்திவிட்டார். வேலையை விட்டால் இரண்டு ஆண்டுக்கு 50 மைல் சுற்றளவில் பிராக்டிஸ் செய்யக் கூடாது என்று ஒரு ஷரத்து அதில் இருந்தது. வேவருக்குப் போகும் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இருக்கக் கூடாது. திருத்தி எழுதி, நிர்வாகக் குழு கூடி, கையெழுத்தாகி, கவர் மாநிலச் சுகாதாரத் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்டோபர் மூன்றாவது வாரம். அந்த மாநிலத்தில் முதல் வாரத்திலேயே 30 இடமும் முடிந்திருந்தது.

யாரும் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் ஒரு மருத்துவமனை வெளிநாட்டு டாக்டரை எடுக்கிறது என்றால், அவர் வேலையில் சேரும் தேதிக்குப் பதினைந்து மாதம் முன்பே விசா வேலையும் தொடங்கிவிட வேண்டும். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதன் விலையை நானும் என் மனைவியும் கொடுத்தோம்.

சரி, இரண்டாவது இடத்துக்கு வருகிறேன். டிசம்பரில், இடங்கள் மிச்சமிருந்த மாநிலங்களாகத் தேடிப் பிடித்தது, நெப்ராஸ்காவில் 25 படுக்கை கொண்ட கிராமப்புற மருத்துவமனை. மனிதவளப் பிரிவு என்றால் அங்கே ஒரே ஒரு அம்மாதான். முன்பே இரண்டு டாக்டர்களை வேவரில் கொண்டுவந்தவர். முதல் ஜூம் அழைப்பில் சம்பளப் பேச்சுக்கு முன்பே அவர் கேட்டது: “உங்கள் டிஎஸ்-2019 படிவங்கள் முதல் ஆண்டிலிருந்து எல்லாம் இருக்கின்றனவா? ஸ்டெப் 3 முடித்தாயிற்றா? மனைவி வேலைக்குப் போகிறாரா?” முதலாவது ஜே-1 தகுதிக்கான படிவம், இரண்டாவது அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிக் கட்டம். அந்த மூன்றாவது கேள்வியை அதுவரை எந்த மருத்துவமனையும் என்னிடம் கேட்டதில்லை.

நேரில் பார்க்கப் போனபோது வெளியே முழங்கால் அளவு பனி. அவர் அறைச் சுவரில் பெரிய காலண்டர் தாள். நான் சேர வேண்டிய ஜூலை 1-ஐச் சிவப்பில் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணியிருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனிகளில் என் பெயரைப் பதிவு செய்ய மூன்று மாதம். மாநில மெடிக்கல் லைசென்ஸ். எச்-1பி மனு. அதற்கு முன் தொழிலாளர் துறைச் சான்று, ஏழு வேலைநாள். அதற்கும் முன் வேவருக்கான குடியேற்றத் துறை ஒப்புதல், வெளியுறவுத் துறைப் பரிந்துரை, மாநிலப் பரிந்துரை. எல்லாம் கூட்டிப் பார்த்தால் எனக்கு ஏற்கெனவே நேரம் போதாது. “ஜூலை 1 கிடைக்காது, ஜூலை கடைசி கிடைக்கும்” என்றார். ஜே-1 முடிந்த பின் 30 நாள் தங்க அனுமதி உண்டு. அதைத்தான் கணக்கில் வைத்திருந்தார்.

மேசையில் ஒரு தடித்த ஃபைல். உள்ளூர் டாக்டர் யாரும் கிடைக்கவில்லை என்பதற்கு ஆதாரம். என் பெயரே தெரியாத காலத்திலிருந்து, ஆறு மாத விளம்பரங்களின் அச்சுப் பிரதி, யார் விண்ணப்பித்தார்கள், ஏன் வரவில்லை என்ற குறிப்பு எல்லாம் தேதி வாரியாக. வெளியுறவுத் துறை தந்த என் கேஸ் நம்பர் விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும். நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் நீல மையில் அவரே எழுதினார். ஒரு பக்கத்தில் ஓர் எண் மாறிவிட்டது. அடித்துத் திருத்தாமல் அந்தத் தாளையே மறுபடி அச்செடுத்தார்.

ஜனவரியில் ஃபைல் மாநிலத்துக்குப் போனது. பிப்ரவரியில் வெளியுறவுத் துறைக்கு. அந்த மாசியில்தான் தங்கை கல்யாணம். வேவர் போட்டபின் வெளியே போனால் திரும்பி வரத் தேவையான ஜே-1 ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் விசா முத்திரை) மறுக்கப்படலாம் என்று லாயர் தடுத்துவிட்டார். முகூர்த்த நேரத்தில் இங்கே இரவு பத்தரை, நான் நைட் டியூட்டியில். அண்ணன் நின்று பொரியிட வேண்டிய இடத்தில் சித்தப்பா மகன் நின்றான். போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தேன்.

இப்போது இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகியிருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணைப்படி, வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாக எச்-1பி கேட்டால் 1,00,000 டாலர் கட்ட வேண்டும். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே ஜே-1இலிருந்து மாறுபவருக்கு அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை அக்டோபரில் விளக்கம் தந்தது. வெளியே போய் மாட்டிக்கொண்டால், 25 படுக்கை மருத்துவமனை அந்தத் தொகைக்கு எங்கே போகும்? ஆகவே மனு நிலுவையில் இருக்கும்போது எதற்காகவும் கிளம்பாதீர்கள், லாயரைக் கேட்காமல்.

ஏப்ரல் கடைசியில் வெளியுறவுத் துறைப் பரிந்துரை, மே இறுதியில் குடியேற்றத் துறை ஒப்புதல். எச்-1பி சீக்கிரம் முடிய மருத்துவமனையே பிரீமியம் கட்டணம் கட்டியது. ஜூலை 22 அன்று வேலையில் சேர்ந்தேன்.

மனைவி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பலரும் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஜே-2இல் (ஜே-1காரரின் குடும்பத்தாருக்கான விசா) அவள் வேலை அனுமதி வாங்கி ஒரு ஆய்வகத்தில் இருந்தாள். நான் எச்-1பிக்கு மாறினால் அவள் எச்-4, அதன் குடும்ப விசா. என் ஐ-140 (கிரீன் கார்டுக்கான முதல் மனு) ஒப்புதலாகும் வரை வேலைக்குப் போக முடியாது. அந்த அம்மா அதனால்தான் மூன்றாவது கேள்வியைக் கேட்டார். நான் சேர்ந்த இரண்டாவது மாதமே மருத்துவமனை ஐ-140க்கான வேலையைத் தொடங்கியது. பற்றாக்குறைப் பகுதி டாக்டர்களுக்கான பிரிவில், ஐந்து ஆண்டு உறுதிமொழியுடன். கிரீன் கார்டு வரிசை இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பத்தாண்டைத் தாண்டியது, அது வேறு கதை. ஆனால் ஐ-140 கையில் வந்ததும் அவள் வேலை அனுமதிக்குப் போட்டாள். போன மார்ச்சில் அட்டை வந்தது. இப்போது எங்கள் மருத்துவமனை ஆய்வகத்திலேயே இருக்கிறாள்.

ஆஃபர் வந்தால், சம்பளம் பேசும் அதே அழைப்பில் இதையும் கேளுங்கள்: இதற்கு முன் வேவரில் யாரையாவது எடுத்திருக்கிறீர்களா, லாயர் பெயர் என்ன, விளம்பர ஃபைல் தயாரா, அக்டோபர் 1 காலையில் விண்ணப்பம் மாநிலத்தின் கையில் இருக்குமா. பதில் தடுமாறினால் இன்னொரு இடத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், டிஎஸ்-2019 எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.