வெட்டு விழுந்த பிறகு தொடங்கும் காட்சி

'வடசென்னை' 2018 அக்டோபரில் வந்தபோது முதல் வாரமே போய்ப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் முழுப் படத்தையும் பார்த்தது மூன்று நான்கு தடவை இருக்கும். ஆனால் அந்த முதல் காட்சியை மட்டும் எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

1987, ஒரு சாப்பாட்டுக் கடை. கொலை நடந்து முடிந்துவிட்டது. நமக்குக் கிடைப்பது ரத்தம் தோய்ந்த ஆயுதங்களும், அதைச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நான்கு பேரும்தான். குணா, செந்தில், வேலு, பழனி. இந்தச் சம்பவத்தால் இனிமேல் நாம் எங்கே போய்விடுவோம் என்று பேசிக்கொள்கிறார்கள். செத்தது யார் என்று சொல்லவே இல்லை. கதாநாயகன் அன்பு அந்தக் காட்சியில் கிடையாது, ஆனால் அவன் வாழப்போகிற உலகத்தை இந்த நாலு பேர்தான் அங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

வெட்டையே காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யார் பலசாலி என்று தெரிந்திருக்கும், அவ்வளவுதான். வெட்டி முடித்தவன் பேசும்போதுதான் அவனுக்கு எதன்மேல் ஆசை, பக்கத்தில் இருப்பவனை எவ்வளவு தூரம் நம்புகிறான் என்பதெல்லாம் வெளியே வருகிறது. பங்காளிகளாக உட்கார்ந்திருக்கும் இவர்கள் பின்னால் ஒருத்தருக்கொருத்தர் எதிரியாவார்கள் என்பதற்கான விதை அந்தப் பேச்சிலேயே இருக்கிறது.

(படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.) ரொம்ப நேரம் கழித்துத்தான் செத்தது ராஜன் என்று தெரியவரும், அமீர் நடித்த பாத்திரம். இந்த ஆட்களெல்லாம் அவரை அண்ணனாக நினைத்துக் கூடவே திரிந்தவர்கள். அது தெரிந்த பிறகு முதல் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதே பேச்சுதான், அதே முகங்கள்தான், ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மற்ற படங்களில் எங்கள் வடசென்னை ஏரியா எப்படி வருகிறது? மேலிருந்து துறைமுகத்து கிரேன்கள், அப்புறம் ஒரு சந்து, பறை அதிர அதிர நாலு பேர் கத்தியோடு ஓடிவருவார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இங்கே பயம் அப்படிச் சத்தமாக வராது. ஆளைக் காட்டவும் கத்தி தேவையில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை மூடியதும் போய் நின்று பாருங்கள். கூட்ஸ் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், முடியாது. ஒருத்தர் வண்டியை ஆஃப் செய்துவிட்டு இறங்கி நிழலைத் தேடுவார், ஒருத்தர் யாருக்கும் கேட்காத ஹாரனை அடித்துக்கொண்டே இருப்பார், ஒரு பையன் ரயிலின் கடைசிப் பெட்டி போன அந்த நொடியிலேயே கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைந்துவிடுவான். நல்ல டைரக்டருக்கு இந்த ஐந்து நிமிடம் போதும், மூன்று பேரின் ஜாதகத்தையே எழுதிவிடலாம்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது காசிமேட்டில் எங்கள் தெருமுனை டீக்கடை வாசலில் ராத்திரி ஒருத்தரை வெட்டிவிட்டார்கள். காலையில் அப்பாவோடு போனேன். வழக்கம்போல மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் கூட்டம், பால் கொதிக்கிற வாசனை, மீன்பாடி வண்டியில் ஐஸ் போகிற சத்தம். கடைக்காரர் வாசலில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தார், தரை சுத்தமான பிறகும் தேய்த்தார். வந்தவர்கள் எல்லோரும் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஈரத்தைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. ரேடியோவை மட்டும் யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

வெட்டியவன் யார், எதற்கு, பிறகு யார் சரண்டர் ஆனார்கள், எல்லாம் பின்னால் காதில் விழுந்தது. இப்போது பாதி மறந்துவிட்டது. எழுத உட்காரும்போது முதலில் வருவது அந்த ஈரத் தரைதான். நான் ஒரு க்ரைம் கதை எழுதினால் அங்கேதான் தொடங்குவேன், போலீஸ் மூன்றாம் பக்கத்தில் வந்தால் போதும்.

முதல் பக்கத்தில் அப்பா இருப்பார். டீ குடித்த கிளாஸை எப்போதும் பெஞ்சிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறவர். அன்றைக்கு மட்டும் அதைத் தானே கழுவி, கடைக்காரரின் கையில் கொடுத்து, அவர் விரல்களை ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.