1001 முதன்மை எண் அல்ல: அடுத்த ஒலிம்பியாட் எழுதும் மலையகப் பிள்ளைகளுக்கு

கணித ஒலிம்பியாட் பெறுபேறு வந்த சூட்டோடு எழுதுகிறேன். அட்டனிலோ பண்டாரவளையிலோ அடுத்த முறை எழுதப்போகும் தம்பி தங்கச்சிமாரே, எண் வினாக்களில் புள்ளி பறிபோவது பாடம் தெரியாததால் அல்ல, காரணிப்படுத்தலைப் பாதியில் விடுவதால். நினைத்தால் வயிறு எரிகிறது.

720720 ஐ எடுங்கள். முதல் மூன்று இலக்கமும் அப்படியே திரும்பி வந்தால் அது 1001 இன் மடங்கு: 720 × 1001. இது வரைக்கும் எல்லோரும் வருவார்கள். 720 ஐயும் 2⁴ × 3² × 5 என்று சரியாகப் பிரிப்பார்கள். 1001 ஐ மட்டும் முதன்மை எண் என்று நம்பி விட்டுவிடுவார்கள்.

1001 = 7 × 11 × 13.

காரணிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு சுட்டியோடும் 1 ஐக் கூட்டிப் பெருக்க வேண்டும். 1001 ஐப் பிரிக்காமல் விட்டால் அது 5 × 3 × 2 × 2 = 60 என்று வரும். சரியான விடை 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. பல்தேர்வு வினா என்றால் அந்த 60 உம் ஒரு தெரிவாக இருக்கக்கூடும். கண்டதும் சந்தேகமே வராமல் அதைக் குறித்துவிடுவீர்கள். வேறெது மறந்தாலும் 7 × 11 × 13 மறக்கக் கூடாது.

முழுதாகப் பிரித்தபின் மீதியெல்லாம் சுட்டிகளில் இருக்கிறது:

- ஒற்றைக் காரணிகள்: 2 இன் வலுவை விட்டுவிட்டால் 3 × 2 × 2 × 2 × 2 = 48. இரட்டைக் காரணிகள் 192.
- நிறைவர்க்கமாக்கப் பெருக்க வேண்டிய ஆகச் சிறிய எண்: ஒற்றைச் சுட்டி உள்ள 5, 7, 11, 13 இன் பெருக்கம், 5005. கிடைப்பது 60060².
- நிறைவர்க்கமான காரணிகள்: 1, 4, 9, 16, 36, 144. பலர் 1 ஐ எண்ணுவதில்லை.

தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடப் பெரிதென்றால் மிகை எண், சமமென்றால் நிறைவெண், சிறிதென்றால் குறை எண். 720720 இதில் எது என்று கேட்டால் கூட்டிக்கொண்டிருக்காதீர்கள். 6 நிறைவெண். 6 ஐ விடப் பெரிய, 6 இன் எந்த மடங்கும் மிகை எண். அவ்வளவுதான். எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகையையே கேட்டால் மட்டும், ஒவ்வொரு முதன்மை எண்ணின் வலுக்களையும் கூட்டிப் பெருக்குங்கள் (2 க்கு 1 + 2 + 4 + 8 + 16 = 31): 31 × 13 × 6 × 8 × 12 × 14 = 3249792; இதில் 720720 உம் அடங்கும்.

1 முதல் 16 வரையான எண்களின் பொ.ம.சி.யும் (பொது மடங்குகளுள் சிறியது) 720720 தான். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் கிடையாது. இராமானுஜன் 1915 இல் விரிவாக ஆராய்ந்த வகை இது. நேரம் இருப்பவர்கள் தேடிப் படியுங்கள், அவ்வளவு அழகு.

720721 ஐ 2 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் மீதி 1. அதனால் மட்டும் அது முதன்மை எண் என்று எழுதிவிடாதீர்கள். 17 இலிருந்து, அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத 839 வரையுள்ள முதன்மை எண்கள் இன்னும் சோதிக்கப்படவில்லை.

பயிற்சிக்கு நம் மலைகளின் உயரமே போதும். பிதுருதலாகல 2524 மீற்றர்: 2² × 631, ஆறு காரணிகள். சிவனொளிபாதமலை 2243 மீற்றர்: முதன்மை எண். 47² = 2209, 48² = 2304 என்பதால் 47 வரை வகுத்துப் பார்க்க வேண்டும்; 43 இல் நிறுத்தினால் நிறுவல் முடியவில்லை.